பூட்டு யார் கையில்?

மும்பையில் 'நாளை பந்த்' என்ற செய்தி வந்தால், தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் வீடுகளில்தான் முதல் கவலை பிறக்கிறது. அரிசி ஊறப்போடுவதா, வேண்டாமா? ஆபீஸ் குமாஸ்தாவுக்கு ஒரு நாள் லீவு கழியும், அவ்வளவுதான். தினக்கூலிக்காரருக்குப் போவது அன்றைய சோறு.

பந்த், ஹர்த்தால் இரண்டையுமே நம் பத்திரிகைகள் 'கடையடைப்பு' என்று எழுதிவிடுகின்றன. இது சரியல்ல. ஹர்த்தால் குஜராத்திச் சொல். கடை, பூட்டு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது. கடைக்காரர் தம் கடையைத் தாமே பூட்டுவதுதான் அது. ரவுலட் சட்டத்தை எதிர்த்து 1919 ஏப்ரல் 6-ந் தேதி காந்தியடிகள் கேட்டது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உள்ளவர்கள் முன்கூட்டியே லீவு பெற்றுத்தான் வேலையை நிறுத்தவேண்டும் என்றுகூட அவர் எழுதினார்.

பந்த் என்றால் மூடியது. மூடியவர் யார் என்று அந்தச் சொல் சொல்லாது!

1997-ல் கேரள ஐகோர்ட்டு பந்த் சட்டவிரோதம் என்றது. அதே ஆண்டு சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. கட்சிகள் என்ன செய்தன? பெயரை 'ஹர்த்தால்' என்று மாற்றிக்கொண்டன. பஸ் மட்டும் பழையபடியே நின்றது. காந்தியடிகளின் சொல்லுக்கு வந்த கதி இது. மும்பையில் 2003 ஜூலை 30 பந்துக்காக சிவசேனா, பாரதீய ஜனதா கட்சிகளுக்கு ஐகோர்ட்டு 2004-ல் தலா 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. 2024 ஆகஸ்டில் எதிர்க்கட்சிகள் அறிவித்த மராட்டிய பந்துக்கும் கோர்ட்டு தடை போட்டது. அவர்கள் கருப்புத்துணி கட்டி அமைதியாகப் போராடினார்கள். அதுவும் எதிர்ப்புதானே?

பந்த் இல்லாமல் சர்க்கார் காது கேட்காது என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் 1974 மே 8-ல் தொடங்கி 20 நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். பயணிகள் திண்டாடினார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலைநிறுத்தம் செய்தவர்கள் பணயம் வைத்தது தங்கள் சம்பளத்தை, தங்கள் வேலையை. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். பந்துக்கு அழைக்கும் தலைவர் வீட்டில் அன்று எந்த அடுப்பு அணைகிறது?

மனமொப்பிப் பூட்டிய கடையைப் பத்திரிகைகள் 'கடையடைப்பு' என்று எழுதட்டும். கல்லுக்குப் பயந்து இழுத்துவிட்ட ஷட்டருக்குக் 'கட்டாய அடைப்பு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? இரண்டையும் ஒன்றாக எண்ணி, மறுநாள் 'பந்த் முழு வெற்றி' என்று தலைப்புப் போடுவது எந்த ஊர்க் கணக்கு?