ஈறு கெட்டால் நினைவும் கெடுமா?

பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. வாயைக் கொப்பளித்துத் துப்புகிறோம். அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

மூக்கில் ஒரு சொட்டு ரத்தம் வந்தால் வீடே பதறுகிறது. ஈறில் தினமும் ரத்தம் வந்தாலும் யாரும் கவலைப்படுவது இல்லை.

இந்த அலட்சியம் பல்லோடு நிற்குமா? வயதான காலத்தில் மூளையையும் தொடுமா?

"தொடலாம்" என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். "தொடும்" என்று சொல்லவில்லை. இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தன் பெயரை மறந்த பெண்

1901-ம் ஆண்டு. ஜெர்மனி நாட்டில் பிராங்க்பர்ட் நகரம். அங்குள்ள மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சேர்க்கப்பட்டாள். பெயர் அகஸ்டே டெட்டர். வயது 51.

அவளிடம் காகிதத்தைக் கொடுத்து, "உன் பெயரை எழுது" என்றார் டாக்டர். எழுதத் தொடங்கினாள். முடிக்க முடியவில்லை. தன் பெயரே அவளுக்குப் பாதியில் மறந்துபோயிற்று.

அந்த டாக்டரின் பெயர் அலாய்ஸ் அல்சைமர். 1906-ம் ஆண்டு அந்தப் பெண் இறந்தாள். அவளுடைய மூளையை அல்சைமர் நுண்ணோக்கியில் வைத்துச் சோதித்தார். மூளைக்குள் கசடுகள் திட்டுத் திட்டாகப் படிந்து இருந்தன. நரம்பு அணுக்களில் நூல் சிக்கியது போன்ற முடிச்சுகள் காணப்பட்டன.

அந்த நோய்க்கு 1910-ம் ஆண்டு அவர் பெயரே வைக்கப்பட்டது. "அல்சைமர் நோய்" என்பது இதுதான். மறதி நோய்களில் இதுவே அதிகம்.

2021-ம் ஆண்டுக் கணக்குப்படி, உலகத்தில் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயால் அவதிப்பட்டார்கள். இது உலக சுகாதார நிறுவனம் தந்த கணக்கு.

ஈறில் நடப்பது என்ன?

சாப்பிட்டபின் பல்லில் மாவு போன்ற அழுக்கு படிகிறது. அது வெறும் அழுக்கு அல்ல. கோடிக்கணக்கான கிருமிகள் அதில் குடியிருக்கின்றன.

தினமும் தேய்த்து எடுக்காவிட்டால் அந்த அழுக்கு இறுகிவிடும். கல் போல ஆகிவிடும். அதைத்தான் "காரை" என்கிறோம். காரை படிந்த இடத்தில் ஈறு சிவக்கும். வீங்கும். ரத்தம் கசியும். வாய் நாறும்.

கவனிக்காமல் விட்டால் ஈறு பல்லை விட்டு விலகும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். சொத்தை இல்லாத நல்ல பல்லும் ஆடி விழுந்துவிடும். பழைய நாளில் இதைப் "பயோரியா" என்றார்கள்.

ஈறு புண்ணாக இருந்தால், கிருமிகள் அந்தப் புண் வழியாக ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தம் போகாத இடம் உடம்பில் உண்டா?

இங்கேதான் ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் பிறந்தது.

மூளையில் வாய்க்கிருமி

ஈறு நோயை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமான ஒன்று "போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்". பெயர் நீளம். கிருமியோ கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது.

2019-ம் ஆண்டு ஜனவரியில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார்கள். இந்தக் கிருமி விடுகிற நச்சுப்பொருள் அங்கே இருந்தது!

எலிகளின் வாயில் அந்தக் கிருமியைத் தடவிப் பார்த்தார்கள். சில வாரங்களில் அது எலிகளின் மூளைக்குப் போய்விட்டது. அல்சைமர் கண்ட கசடுக்குக் காரணமான பொருளும் எலி மூளையில் அதிகமாகி இருந்தது.

இதற்கு முன்பே, 2017-ம் ஆண்டில், தைவான் தீவில் ஒரு கணக்கு எடுக்கப்பட்டு இருந்தது. ஈறு நோய் உள்ள 9,291 பேரையும், அது இல்லாத 18,672 பேரையும் ஒப்பிட்டார்கள். ஈறு நோய் வந்து 10 ஆண்டு கழிந்தவர்களுக்கு, மற்றவர்களைவிட 1.7 மடங்கு அல்சைமர் நோய் வந்து இருந்தது.

இதை எல்லாம் கேட்டால், "சரி, குற்றவாளி பிடிபட்டான்" என்றுதான் தோன்றும்.

ஆனால் வழக்கு முடியவில்லை.

மருந்து தோற்றது

கிருமியின் நச்சை முறிக்க ஒரு மாத்திரை தயாரித்தார்கள். அல்சைமர் நோயாளிகள் 643 பேரைக் கொண்டு சோதனை நடந்தது. பாதிப்பு அவ்வளவாக முற்றாதவர்கள் அவர்கள். 48 வாரம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள்.

2021-ம் ஆண்டு அக்டோபரில் முடிவு வெளியாயிற்று. மறதி குறையவில்லை. நோய் வளரும் வேகமும் குறிப்பிடும்படி தணியவில்லை. சிலருக்கு ஈரலில் கோளாறு தெரிந்தது. 2022-ம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, அந்த மருந்தை மேற்கொண்டு சோதிப்பதை நிறுத்தி வைத்தது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எது முந்தியது?

மறதி நோய் ஒரே நாளில் வருவது அல்ல. பல ஆண்டுகள் உள்ளுக்குள் வளர்கிறது. அப்போதே மனிதன் பல் விளக்க மறக்கிறான். ஈறு கெடுகிறது. அப்படியானால் மறதியால் ஈறு கெட்டதா, ஈறால் மறதி வந்ததா?

சர்க்கரை வியாதியும் புகைப்பழக்கமும் ஈறையும் கெடுக்கும். மூளையையும் கெடுக்கும். இரண்டு நோயும் ஒரே வேரில் முளைத்த இரண்டு கிளைகளாகவும் இருக்கலாம்.

2024-ம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு இடம் கொடுக்கும் 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை வியாதி, புகைப்பழக்கம், காது மந்தம், உடல் உழைப்பு இல்லாமை, தனிமை ஆகியவை அதில் உள்ளன. ஈறு நோய் அந்தப் பட்டியலில் இல்லை.

பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

ஆகவே, "இந்தப் பற்பசை மறதியைத் தடுக்கும்" என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். ஈறில் ரத்தம் கண்டதும், "எனக்கு மறதி நோய் வந்துவிடுமே" என்று நடுங்கவும் வேண்டாம்.

அதற்காக ஈறை விட்டுவிடலாமா? கூடாது.

ஈறு நோய் பல்லைப் பறிக்கும் என்பது சந்தேகம் இல்லாத உண்மை. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு அது சர்க்கரையையும் ஏற்றிவிடும். இந்த இரண்டு காரணம் போதாதா?

காலையில் ஒரு தடவை, இரவு படுக்குமுன் ஒரு தடவை பல் விளக்க வேண்டும். மெதுவான பிரஷால் இரண்டு நிமிடம் தேய்த்தால் போதும். செங்கல் தூளும் சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும். புகையிலையை விட்டுவிட வேண்டும். புகைப்பவர்களுக்கு ஈறு கெட்டு இருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. அதனால் நோய் தெரியாமலே முற்றிவிடும்.

காரை படிந்தால் பல் டாக்டரிடம்தான் போக வேண்டும். "சுத்தம் செய்தால் பல் ஆடும்" என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. பல்லை ஆட்டுவது காரை. அதை எடுப்பது அல்ல.

பெரியவர்களை மறக்காதீர்கள்

மறதி நோய் வந்த பெரியவர் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்.

அவருக்குப் பல் வலிக்கும். ஆனால் "பல் வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. சோற்றை ஒதுக்குவார். கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். காரணம் இல்லாமல் கோபப்படுவார். "கிழவருக்குப் பிடிவாதம்" என்று வீட்டில் உள்ளவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அது பிடிவாதமாக இல்லாமல் பல் வலியாக இருக்கலாம்.

வாயைத் திறந்து பாருங்கள். பிரஷை அவர் கையில் கொடுத்து, உங்கள் கையால் அந்தக் கையைப் பிடித்துத் தேய்த்துவிடுங்கள். செயற்கைப் பல் வைத்து இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள்.

ஈறுக்கும் மறதிக்கும் உள்ள வழக்கில் ஆராய்ச்சியாளர்கள் தீர்ப்புச் சொல்ல நாளாகும். வீட்டுப் பெரியவரின் பல் வலிக்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்து இருக்க வேண்டியது இல்லை.

சின்ன வயதில் நமக்குப் பல் விளக்கிவிட்டவர் தாய். அந்தத் தாய்க்கு மகன் பல் விளக்கிவிடுவதில் வெட்கம் என்ன?