முதலில் கண், பிறகு கம்ப்யூட்டர்

பிள்ளையின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? பிள்ளை மானிட்டரை ஒட்டி உட்கார்ந்தாலோ, வரி தவறிப் படித்தாலோ, ஒரு கண்ணை மூடிக்கொண்டாலோ திட்டாதீர்கள். கண் டாக்டரிடம் காட்டுங்கள். சிறு வயது முதலே மங்கலாகப் பார்க்கும் குழந்தைக்கு அது குறை என்றே தெரியாது.

6 மீட்டர் தள்ளியிருக்கும் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டால் மட்டும் போதாது. புத்தகம் படிக்கும்போது இரு கண்களும் சேர்ந்து குவியாவிட்டால் எழுத்து இரண்டாகத் தெரியலாம், தலை வலிக்கலாம். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன். கன்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயை அழுத்தினால் பிரவுசரில் எழுத்து பெரிதாகும். அது வசதி, வைத்தியம் அல்ல. வகுப்புக் கரும்பலகையில் அந்தக் கீ கிடையாது. சோம்பேறிக் கண் போன்ற குறைகளுக்கு 7 வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். எனவே, படிப்பு சாஃப்ட்வேருக்கு முன் கண் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.