தவறணைக்கு வழி தெரியும், மீள்வதற்கு?

கண்டியிலே தவறணைக்கு வழி கேட்டால் சிறுவனும் காட்டுவான். குடியை விட விரும்புவோர் கூடும் இடத்துக்கு வழி காட்டுவார் யார்?

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிக்கு அடிமைப்பட்டிருந்த இருவர் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் இன்று இலங்கையிலும் உண்டு. கட்டணமில்லை, பெயர் வெளியிடப்படாது, குடியை நிறுத்தும் விருப்பமே தகுதி.

2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்பதைத் தடுத்தது. போயா நாளில் தவறணைகள் மூடப்படுகின்றன. சட்டம் கடையை மூடலாம். வீழ்ந்தவனைத் தூக்கிவிடச் சக மனிதனின் கை வேண்டும்.

வாக்குக் கேட்டுத் தோட்டந்தோறும் ஏறும் தலைவர்களே! கூட்டம் நடைபெறும் நாளையும் இடத்தையும் தமிழில் எழுதி, மருத்துவமனையிலும் கோயில் வாயிலிலும் தொழிற்சங்கப் பணிமனையிலும் ஒட்டுங்கள். அங்கே தமிழும் ஒலிக்கச் செய்யுங்கள். லயத்து அடுப்புகள் அணையாதிருக்க இதுவும் ஓர் அரசியற் கடமையே!