சட்டம் அறிவோம்: அடிபட்டவரைத் தூக்கியவர் மீது வழக்கு வருமா?

கேள்வி: மண்டியில் தக்காளி இறக்கிவிட்டு இரவு எட்டு மணிக்கு என் குட்டி யானையில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டோரம் நிறுத்தியிருந்த கரும்பு டிரெய்லரில் பைக்கோடு மோதி ஒரு பையன் கிடந்தான். 108க்கு போன் செய்தோம். வர நேரமாகும் போலிருந்ததால் நானும் இன்னொருவரும் அவனைத் தூக்கிவந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் இறந்துவிட்டான். கழுத்தைத் தாங்காமல் தூக்கியதால்தான் இறந்தான் என்று உறவினர் ஒருவர் பேசுகிறாராம். டீசலுக்கு என்று அவன் மாமா கொடுத்த 500 ரூபாயையும் வாங்கிவிட்டேன். இப்போது ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுகிறார்கள். என் மனைவி தூங்குவதில்லை. மாட்டிக்கொண்டேனா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்.)

பதில்: மாட்டிக்கொள்ளவில்லை ஐயா. முதலில் அதை வீட்டில் சொல்லுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வாகன விபத்தில் அடிபட்டவருக்கு உதவும்போது, உதவியவரின் கவனக்குறைவாலேயே காயமோ மரணமோ நேர்ந்திருந்தாலும், அவர் மீது சிவில் நடவடிக்கையும் கிடையாது, குற்ற நடவடிக்கையும் கிடையாது என்கிறது அது. கழுத்தைத் தாங்கித் தூக்கியிருக்கலாம் என்பது உண்மைதான். இனி யாரைத் தூக்கினாலும் தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்காக உங்களைக் குற்றவாளி ஆக்க முடியாது.

இந்தப் பாதுகாப்பு யாருக்கு? நல்லெண்ணத்தோடு, தானாக முன்வந்து, வெகுமதியோ கூலியோ எதிர்பார்க்காமல், விபத்து நடந்த இடத்தில் உதவியவருக்கு அல்லது மருத்துவமனைக்குக் கொண்டுபோனவருக்கு. மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர் கொடுத்தவர், போக்குவரத்தை நிறுத்தி இடம் விட்டவர்கூட இதில் அடங்குவார் என்றே நான் படிக்கிறேன்.

உங்கள் 500 ரூபாய்க்கு வருவோம். சட்டம் கேட்பது எதிர்பார்ப்பு இருந்ததா என்பதை. பையனை ஏற்றும்போது நீங்கள் வாடகை பேசவில்லை. சேர்த்த பிறகு அவர்களாகக் கொடுத்தார்கள். இதனால் பாதுகாப்பு போய்விடாது என்பது என் கருத்து. 'ஆயிரம் கொடுத்தால் ஏற்றுகிறேன்' என்று பேரம் பேசியவர் இந்தச் சட்டத்தின் சொற்களுக்குள் வருவது கடினம். அரசே உதவியவருக்குப் பணம் தருகிறது: மத்திய அரசு 2021இல் 5,000 ரூபாய் அறிவித்து, பிறகு 25,000 ஆக உயர்த்தியது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்திலும் ஊக்கத்தொகை உண்டு. அதே திட்டத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த மாநிலத்தவரானாலும். மனசு உறுத்தினால் 500ஐத் திருப்பிக் கொடுங்கள், சட்டத்துக்காக வேண்டியதில்லை.

ஸ்டேஷன் விஷயம்தான் பலரையும் பயமுறுத்துகிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு உதவியவர்கள் அலைக்கழிக்கப்பட்ட கதை ஊருக்கு ஊர் இருக்கும். அதனால்தான் உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உதவியவரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை கொடுத்தது. பிறகு 2020இல் விதிகளும் வந்தன. அவற்றின்படி உங்கள் பெயர், முகவரியைக் கொடுக்கும்படி போலீசாரோ வேறு யாருமோ கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வதும் உங்கள் விருப்பம். சம்மதித்தால் உங்களுக்கு வசதியான நேரத்தில், வீட்டிலோ தொழில் செய்யும் இடத்திலோ, சாதாரண உடையில் வந்து விசாரிக்க வேண்டும். நீங்களே ஸ்டேஷனுக்குப் போனால் ஒரே தடவையில் முடித்து அனுப்ப வேண்டும். அடுத்த முறை போன் வரும்போது இதைப் பணிவாகச் சொல்லுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், சாட்சி சொல்லுங்கள். அந்த டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கோ, ஒளிரும் பட்டையோ இருந்ததா? நீங்கள் பார்த்திருப்பீர்கள். பையனின் குடும்பம் நஷ்டஈடு கேட்டு தீர்ப்பாயத்துக்குப் போகும்போது அந்த ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம். இப்போது கோபமாகப் பேசும் உறவினருக்கும் அது புரியும்.

ஒரு எச்சரிக்கை. மோதிய வண்டிக்காரர் இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது. அடிபட்டவரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோவது அவருக்கு 134ஆம் பிரிவில் கடமை. உங்கள் வண்டியில் ரத்தம் இருந்ததால் யாராவது சந்தேகம் கிளப்பலாம். மண்டிச் சீட்டையும், 108க்குப் பேசிய நேரம் காட்டும் போன் பதிவையும் பத்திரமாக வையுங்கள். கூடத் தூக்கியவரையும் தேடிப் பிடியுங்கள்.

இதே தபாலில் இன்னொரு வாசகி, கிணற்றில் விழுந்தவரையும் பாம்பு கடித்தவரையும் தூக்கினால் இது பொருந்துமா என்கிறார். பொருந்தாது அம்மா, 134ஏ வாகன விபத்துக்கு மட்டும். அங்கே துணைக்கு வருவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு: சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்த காரியம் குற்றமாகாது. இங்கே நல்லெண்ணம் என்றால் தகுந்த கவனத்தோடு செய்வதும் சேர்ந்ததுதான். பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறிவிட்டு இந்தப் பிரிவைக் காட்ட வராதீர்கள்; கையையோ காலையோ அசைக்காமல் வைத்து நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.