நுரை போன ஈரல்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ் பதிவு.

எங்க ஊரு புளியறை. தாண்டினா கேரளா. அங்க நிபா, பறவைக் காய்ச்சல்னு செய்தி வந்தா எங்க செக்போஸ்ட்ல வண்டிக்கு மருந்தடிப்பாங்க, ஆளுங்களுக்குக் காய்ச்சல் பாப்பாங்க. காய்ச்சல் இருக்கான்னு தெரியும். என்ன காய்ச்சல்னு தெரியாது.

தாத்தா விஷயமும் அப்படித்தான். சாரல் சீசன்ல இருமல்னு படுத்தவர் ஆறாம் நாள் போயிட்டார். காகிதத்துல ஒரே வார்த்தை, நிமோனியா. 'முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணுமோ'ன்னு அப்பா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கார்.

நோயியல் படிக்கிற நண்பன்கிட்ட புலம்பினேன். "நிமோனியாங்கறது ஒரே நோய் இல்ல மாப்ள, வா காட்டுதேன்"னு மைக்ரோஸ்கோப் முன்னாடி உக்கார வெச்சான்.

முதல் ஸ்லைடு நல்ல நுரையீரல். வலை மாதிரி மெல்லிசான சுவர், நடுவுல எல்லாம் வெத்திடம். காத்து நிக்கிற இடம்.

ரெண்டாவது பாக்டீரியா நிமோனியா. வெத்திடமே காணோம்! காத்துப் பைக்குள்ள வெள்ளணுக்கள் அடைச்சுக்கிட்டு நிக்குது.

மூணாவது வைரஸ். பைக்குள்ள கூட்டம் கம்மி, சுவர்தான் தடிச்சிருக்கு. முத்தின கேஸ்ல பையோட உள்பக்கம் இளஞ்சிவப்பா ஒரு படலம். காசநோய்னா அணுக்கள் உருண்டை உருண்டையா திரண்டு, நடுவுல பாலாடைக்கட்டி மாதிரி செத்த திசு.

எக்ஸ்ரேல இதெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் திட்டாத்தான் தெரியுமாம்.

நம்ம தமிழ்ல பேரைப் பாருங்க, நுரை + ஈரல். நிமோனியால நுரை போயி ஈரல் மட்டும் மிஞ்சுது. டாக்டர்களும் 'ஈரல் மாதிரி ஆயிடுச்சு'ன்னுதான் எழுதறாங்க.

1884ல பெர்லின்ல ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம்ங்கிற டேனிஷ் டாக்டர், நிமோனியாவுல இறந்தவங்க நுரையீரல்ல கிருமி தனியா தெரியணும்னு முயற்சி பண்ணினார். அதுல பிறந்ததுதான் கிராம் சாயம். இன்னைக்கும் லேப் லேபா பயன்படுது. செத்தவங்க சொல்லிக் கொடுத்த பாடம்!

உயிரோட இருக்கறவங்களுக்கு சளி, ரத்தம், எக்ஸ்ரே வெச்சே பெரும்பாலும் வைத்தியம் நடந்துடும். நுரையீரல்ல ஊசி விடறது ரிஸ்க். ஆனா காரணம் புரியாம இறந்தவங்ககிட்ட, குடும்பத்தோட சம்மதத்தோட, ஊசி வழியா துளி திசு எடுக்கலாமே? உடம்பைக் கிழிக்க வேண்டாம். மொசாம்பிக், பங்களாதேஷ்ல குழந்தைங்க இறப்புக்குக் காரணம் தேட இப்படி எடுக்கறாங்க. நம்ம மருத்துவக் கல்லூரிகளும் தைரியமா கேக்கணும்ங்கறது என் கருத்து.

'உயிரே போனப்புறம் ஊசி எதுக்கு'ன்னு கேப்பீங்க. சர்வர் படுத்தா நாங்க லாக் பாக்காம விடறதில்ல. அது படுத்த சர்வருக்காக இல்ல, அடுத்தது படுக்கக் கூடாதுன்னு.

எங்ககிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா அப்பா அடிக்கப் போயிருப்பார், நானும் கூட நின்னிருப்பேன். போன வாரம் அவர்கிட்ட மெதுவா இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "என்னன்னு தெரிஞ்சிருந்தா ராத்திரி இப்படி முழிச்சுக்கிட்டு கிடக்க மாட்டேம்லா"ன்னார்.

உங்க வீட்ல கேட்டா சம்மதிப்பீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் சரி :-)