தரைக்கு யார் எஜமான்?

நம்மவர்களுக்குச் சுத்தம் என்றால் தண்ணீர். வாசலில் தெளிப்பது தண்ணீர். கூடத்தில் கொட்டிக் கழுவுவது தண்ணீர். வெள்ளிக்கிழமையானால் இன்னும் இரண்டு வாளி. சிவப்புச் சிமெண்டுத் தரையும் கருங்கல் பாவிய முற்றமும் அதையெல்லாம் தாங்கின. அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதே வாளியோடு, அமெரிக்காவில் பிள்ளை வாங்கியிருக்கும் வீட்டுக்குள் நுழைகிறபோதுதான் சண்டை ஆரம்பமாகிறது.

அந்த வீட்டுத் தரை ஓக் மரம். பிள்ளைக்கு அது வெறும் தரை அல்ல. 30 வருஷத் தவணையில் வாங்கிய கௌரவம். மருமகளின் பிரசவத்துக்காக ஆறு மாசம் போயிருக்கிற தாயார், பழக்க தோஷத்தில் ஒரு சொம்பு தண்ணீரை விட்டுத் துடைத்துவிட்டால் போதும்.

"எத்தனை தடவைம்மா சொல்றது, மரத்தரையிலே தண்ணி விடாதேன்னு?"

"துடைக்கத்தானேடா விட்டேன்?"

அதற்கு மேல் அந்த அம்மாள் பேசுவதில்லை. மறுநாளிலிருந்து தம்ளரைத் தூக்கினாலே அவளுக்குக் கை நடுங்குகிறது. பேரனைக் கொஞ்சப் போனவள், தரைக்குப் பயந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பெற்றவளைவிடப் பலகை பெரிதாகிப் போன வீடுகள் இன்றைக்கு எத்தனையோ! அந்தப் பிள்ளைகளோடுதான் எனக்கு வழக்கு.

பிள்ளை சொல்வது பொய்யல்ல. வெட்டிப் பலகையாக்கின பிறகும் மரத்துக்குப் பழைய புத்தி போவதில்லை. தண்ணீரைக் கண்டால் குடிக்கும். சிவப்பு ஓக்கில், வேரிலிருந்து நீர் ஏறிய குழாய்கள் திறந்தே கிடக்கின்றன. ஒரு சிறு துண்டின் ஒரு முனையில் வாயை வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும். வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருக்கும். விஸ்கிப் பீப்பாய் செய்கிறவர்கள் அதைத் தேடிப் போவது அதனால்தான். எந்த ஓக்கானாலும் இடுக்கு வழியே ஈரம் அடியில் இறங்கினால் ஆபத்துதான். மரம் நீளவாக்கில் அநேகமாகப் பெருப்பதில்லை, அகலவாக்கில் பெருக்கும். அடிப்பக்கம் மட்டும் பருத்துவிட, ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி நடு குழிந்து, நாட்டு ஓட்டை மல்லாத்தி வைத்த மாதிரி ஆகும். பதறிப்போய் உடனே இழைத்துவிட்டாலோ இன்னும் மோசம். ஈரம் காய்ந்ததும் நடு மேடாகிவிடும். பொறுமையாகக் காயவிட்டிருந்தால் பல சமயம் தானே சமனாகியிருக்கும்.

ஆகவே வாளி கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாயாரைக் கடிந்துகொண்ட அந்தப் பிள்ளை என்ன செய்கிறான்? தெருவெல்லாம் மிதித்த பூட்ஸோடு கூடத்தைக் கடந்துபோய்ச் சாவியை மேஜைமேல் வைக்கிறான். அவனுடைய சிநேகிதர்களின் மனைவிமார் குதிகால் உயர்ந்த பாதரட்சையோடு விருந்துக்கு வருகிறார்கள். கழற்றச் சொல்ல அவனுக்குக் கூச்சம்! மரத்தரைக்கு நித்திய சத்துரு மணல். மணலில் பெரும்பாலும் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதற்கு 7. கண்ணாடியையே கீறுகிற வஸ்துவுக்கு மரத்தின் மேல் பூசிய பாலியூரித்தேன் மெருகு எம்மாத்திரம்? ஒவ்வோர் அடியும் உப்புத்தாள் தேய்ப்பதுதான். சிந்திய தண்ணீரை அப்போதே துடைத்துவிடலாம். கீறலைத் துடைக்க முடியுமா?

கீறல் விழுந்தபின் கடைக்கு ஓடுகிறான். அழுக்குப் போக ஒரு புட்டி, பளபளப்புக்கு ஒரு புட்டி, போதாக்குறைக்கு நீராவி விடும் யந்திரம் ஒன்று. பாலியூரித்தேன் மேல் மெழுகு தேய்த்தால் கால் வழுக்கும். பின்னால் புது மெருகு பூச நினைத்தால் சரியாக ஒட்டாது. வினிகர் கலந்து துடைத்தால் நாளடைவில் மெருகு மங்கும். நீராவி யந்திரமோ, அம்மாவிடமிருந்து பிடுங்கிய அதே வாளியைச் சூடாக்கிக் கொடுப்பது, அவ்வளவுதான்.

மரத்தரையில் வாழ்ந்து பழுத்தவர்கள் ஜப்பானியர். வாசலிலேயே பாதரட்சையைக் கழற்றிவிடுவார்கள். பழைய நாளில் ஈரத் தேயிலைச் சக்கையைத் தூவிப் பெருக்குவார்கள். தூசி எழும்பாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். தவிட்டை மூட்டை கட்டித் தேய்த்தே தரைக்கு மெருகேற்றினார்கள். (அது வெறும் மரத்துக்குச் செய்த வைத்தியம். பாலியூரித்தேன் மேல் தவிட்டைத் தேய்த்துவிட்டு என்மேல் பாயாதீர்கள்!)

செருப்பை வெளியே விடு என்பதை அந்த அம்மாள் எந்த ஜப்பானியரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. மகன் விட்டுவிட்ட வழக்கம் அது. அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று, துணியை எவ்வளவு பிழிய வேண்டும் என்பது. அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிஷம் போதாதா? தினம் மெல்லிய துடைப்பத்தால் பெருக்கி, ஒட்டப் பிழிந்த துணியால் ஒரு தடவை துடைத்து, நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டிவிட்டால் வேலை தீர்ந்தது. வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 30 முதல் 50 வரை இருந்தால் மரத்துக்குச் சௌகரியம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் காற்று வறண்டு பலகைகளுக்கு நடுவே இடுக்கு விடும். அதற்காக அம்மாவைச் சந்தேகிக்க வேண்டாம், அதில் பசையை அடைக்கவும் வேண்டாம். கோடையில் தானே மூடிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து கீறல் விழுந்தால் விழட்டும். முக்கால் அங்குல முழுப் பலகையில் இழைக்கக் கிடைப்பது சுமார் கால் அங்குலம். அதுவே பல தடவைக்குக் காணும். நூறு வருஷத்துக்கு முன் போட்ட ஓக் தரைகளின் மேல் இன்றைக்கும் குழந்தைகள் ஓடியாடுகின்றன. பேரன் பால் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் அந்தத் தரை தாங்கும்; பாட்டி பிழிந்த துணியோடு எழுந்து வருவாள். இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போகிற பிள்ளை, புட்டிகளை விட்டுவிட்டு வாசலுக்கு ஒரு மிதியடியும், பூட்ஸ் கழற்றி வைக்க ஒரு தட்டும் வாங்கி வரட்டும். முதலில் கழற்ற வேண்டியது அவன்தான்.