உருப்போடாதீர்கள், எண்ணுங்கள்!

மாணவ நண்பர்களே, வேதியியல் தேர்வுக்கு முதல் நாள் என்ன செய்கிறீர்கள்? சமன்பாடுகளை எழுதி எழுதி உருப்போடுகிறீர்கள், அல்லவா? அது வீண் உழைப்பு என்பது என் கருத்து.

சமன்பாடு என்பது வரவு செலவுக் கணக்கு. வேதிவினையில் அணு புதிதாகத் தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை. கூட்டாளிகளை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர், 1789இல் வெளியான தம் நூலில், திராட்சைச் சாறு நொதிப்பதைக்கூட ஒரு சமன்பாடாகவே எழுதினார். ஒரு பக்கம் சாறு. மறுபக்கம் கார்பானிக் அமிலமும் ஆல்கஹாலும்.

நாமும் ஒரு கணக்குப் போடுவோமா? சமையல் வாயுவில் புரொப்பேன் இருக்கிறது. அதன் ஒரு மூலக்கூறில் 3 கார்பன் அணுக்களும் 8 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. நன்றாக எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடும் நீராவியும் கிடைக்கும். 3 கார்பனுக்கு 3 கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறுகள். 8 ஹைட்ரஜனுக்கு 4 நீர் மூலக்கூறுகள். இப்போது ஆக்ஸிஜன் அணுக்களை எண்ணுங்கள். முன்னதில் 6, பின்னதில் 4, ஆக 10. ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறில் 2 அணுக்கள். எனவே 5 மூலக்கூறுகள் தேவை. கணக்கு நேராகிவிட்டது!

கணக்கு இடிக்கும்போது சிலர் வாய்பாட்டின் அடியிலுள்ள சிற்றெண்ணையே மாற்றிவிடுகிறார்கள். இது பெருந்தவறு. நீரின் வாய்பாட்டில் ஆக்ஸிஜனுக்குக் கீழே 2 என்று எழுதினால், அது ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆகிவிடும். அதைக் குடிக்க முடியுமா? பொருளின் முன்னால் இடும் எண்ணை மட்டுமே மாற்றலாம்.

நாம் கண்டுபிடித்த 5க்கு வருவோம். 1 லிட்டர் புரொப்பேன் வாயு முழுதும் எரிய 5 லிட்டர் ஆக்ஸிஜன் வேண்டும் என்கிறது அது. காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன். அப்படியானால் சுமார் 25 லிட்டர் காற்று தேவை! சன்னலை அடைத்துவிட்டு அடுப்பெரித்தால் என்ன ஆகும்? ஆக்ஸிஜன் போதாமல் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகலாம். நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு அது, உயிரையே பறிக்கக்கூடியது.

உருப்போட்டவர் இந்த 5ஐத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார். எண்ணிக் கண்டவர் சமையலறைச் சன்னலைத் திறந்து வைப்பார். நீங்கள் யாராக இருக்கப் போகிறீர்கள்? இன்றே ஒரு சமன்பாட்டை எடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு, அணுக்களை எண்ணிப் பாருங்கள்.